பிராஞ்ச் ரிக்கி போட்ட பூஜ்யம்

ஐபிஎல் சீசன் நடக்கும்போது நம்ம ஆளுங்க போடுற சண்டையை விட, சீசன் முடிஞ்ச பிறகு போடுற சண்டைதான் பெருசு. யாரை விடணும், யாரை வாங்கணும், யாரை யாருக்கு மாத்தணும்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடும். அந்தச் சண்டையில ஒரு கேள்வி மட்டும் எப்பவுமே பாதியில நிக்கும். பேட்டிங்ல 500 ரன் அடிச்சவனுக்கு 500-ன்னு ஒரு நம்பர் இருக்கு. பாயிண்ட்ல நின்னு மேட்சுக்கு 10 ரன் காப்பாத்துறவனுக்கு என்ன நம்பர்?

இதே சண்டையை அமெரிக்காக்காரங்க நூறு வருஷத்துக்கும் மேல போட்டுட்டு இருக்காங்க. அங்க விளையாட்டு பேஸ்பால். சீசன் அக்டோபரோட முடிஞ்சிடும். அப்புறம் மார்ச் வரைக்கும் மைதானம் காலி, ஆனா பேச்சு காலி இல்ல. அந்தக் காலத்துல பனி கொட்டுற ஊர்கள்ல கடைக்குள்ள கணப்பு அடுப்பைச் சுத்தி உட்கார்ந்து, எந்த அணி யாரை யாருக்கு மாத்தும்னு பேசுவாங்களாம். அதனால அந்தப் பேச்சுக்கே 'சூடான அடுப்பு லீக்'னு பேர் வந்தது.

அந்த அடுப்புக்கு அதிகமா விறகு போட்ட ஒருத்தரைப் பத்திதான் இந்தக் கட்டுரை. பேர் வெஸ்லி பிராஞ்ச் ரிக்கி. ஜாக்கி ராபின்சனை பெரிய லீக்குக்குக் கொண்டுவந்தவர்னு உலகத்துக்கே தெரியும். ஆனா நாம படிக்கிற படிப்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற இன்னொரு ரிக்கியும் உண்டு. ஆட்டக்காரர்களை அளக்க ஒரு ஃபார்முலா எழுதி, அதுல ஒரு இடத்துல பூஜ்யம் போட்டவர். அந்தப் பூஜ்யம்தான் நம்ம கதை.

முதல்ல ஆளை அறிமுகம் செய்துடறேன். 1881 டிசம்பர் 20 அன்று ஒஹாயோ மாநிலத்தின் தெற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தீவிர மெதடிஸ்ட் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆட மாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை ஆட்டக்காரராக இருந்தபோது காப்பாற்றினார். நிர்வாகியான பிறகும் ஞாயிறு ஆட்டங்களுக்கு மைதானத்துப் பக்கம் போகாமல் இருந்தார். ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியில் படித்துக்கொண்டே விளையாடினார், அங்கேயே பயிற்சியும் கொடுத்தார்.

ஆட்டக்காரராக அவர் சுமார்தான். கேட்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 1907-ல நியூயார்க் ஹைலேண்டர்ஸ் அணிக்காக ஆடினப்போ, தோள் வலியோட ஒரு நாள் ஸ்டம்புக்குப் பின்னால நிக்கிற மாதிரி நின்னார். வாஷிங்டன் அணி அன்னிக்கு ஒரே ஆட்டத்துல 13 பேஸ் திருடினாங்க. பந்து வீசப்படும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கிறதுதான் திருட்டு. கேட்சர் தூக்கி எறிந்து அதைத் தடுக்கணும். ஒரு கேட்சர் மேல நடந்த அந்த 13 நவீன காலத்துல இன்னும் முறியாத சாதனை. ஃபீல்டிங் சரியில்லன்னா என்ன விலைன்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

பிறகு காசநோய் வந்தது. குணமாகி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், கூடவே அங்கே பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளர். 1911-ல் சட்டம் முடித்து ஐடஹோ மாநிலத்தில் வக்கீல் போர்டு மாட்டினார். கேஸ் வரவில்லை. திரும்பப் பேஸ்பாலுக்கே வந்தார். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ், பிறகு அதே ஊரின் கார்டினல்ஸ். 1917-ல் கார்டினல்ஸுக்கு வந்தபோது அந்த அணியிடம் காசே கிடையாது.

காசு இல்லாதவன் என்ன செய்வான்? விலைக்கு வாங்க முடியலைன்னா விளைய வைப்பான். சின்னச் சின்ன ஊர் அணிகளில் பங்கு வாங்கினார். அங்கே இளைஞர்களைச் சேர்த்து, படிப்படியாக மேலே ஏற்றி, கடைசியில் கார்டினல்ஸுக்குக் கொண்டுவருவது திட்டம். இதைத்தான் பண்ணை முறை என்கிறார்கள். 1930-களின் கடைசியில் 30-க்கும் மேற்பட்ட அணிகளும் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களும் அந்த ஒரே குடையின் கீழ் இருந்தார்கள். தேவைக்கு மேல் விளைந்தவர்களை மற்ற அணிகளுக்கு விற்றார். அந்த விற்பனைப் பணத்தில் ரிக்கிக்கும் ஒரு பங்கு உண்டு. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ ட்ரேடுக்கு வருவோம். 1926-ல் கார்டினல்ஸ் முதல் முறையாக உலகத் தொடரை ஜெயித்தது. கேப்டன் கம் மேனேஜர், இரண்டாம் பேஸ்காரர் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி. 1920 முதல் 1925 வரை ஆறு வருஷம் தொடர்ந்து லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. 1924-ல் 0.424. பேஸ்பாலில் 0.300 எடுத்தாலே நல்ல பேட்ஸ்மேன் என்பார்கள். அப்போ இது எந்த உயரம்னு பார்த்துக்கங்க. ரிக்கிக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1925 சீசனின் நடுவில் அணி உரிமையாளர் சாம் பிரெடன், ரிக்கியை மேனேஜர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தை ஹார்ன்ஸ்பிக்குக் கொடுத்தார். ரிக்கிக்கு அலுவலக வேலை மட்டும் மிச்சம்.

கோப்பை ஜெயித்த கையோடு ஹார்ன்ஸ்பி மூன்று வருஷ ஒப்பந்தம் கேட்டார். பிரெடன் ஒரு வருஷம்தான் என்றார். பேச்சு முறிந்தது. 1926 டிசம்பர் 20, ரிக்கியின் 45-வது பிறந்தநாள் அன்று, ஹார்ன்ஸ்பி நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு வந்தவர்கள் ஃபிராங்கி ஃபிரிஷ் என்ற இரண்டாம் பேஸ்காரரும், ஜிம்மி ரிங் என்ற பிட்சரும். முடிவு பிரெடனுடையது, ரிக்கியுடையது அல்ல. ஆனால் அதன் பலனை வைத்து அணி கட்ட வேண்டியவர் ரிக்கி.

ஊர் கொதித்தது. பிரெடன் வீட்டுக் கதவில் துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணி தொங்கியது. பேட்டிங் சராசரியை மட்டும் பார்த்தா அந்தக் கோபம் நியாயம்தான். நூறு வருஷத்துல ஒருத்தன் மாதிரி அடிக்கிறவனைக் கொடுத்துட்டு, நல்லா அடிக்கிற இன்னொருத்தனை வாங்கினா யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனா 1927-ல என்ன நடந்ததுன்னு பாருங்க. ஃபிரிஷ் 0.337 அடித்தார், 48 பேஸ் திருடினார். அது போகட்டும். இரண்டாம் பேஸில் நின்று அவர் எடுத்த அசிஸ்ட் 641. அசிஸ்ட் என்றால், பந்தைப் பிடித்து எறிந்து ஒருவரை அவுட் ஆக்க உதவுவது. இரண்டாம் பேஸ்காரர்களில் ஒரே சீசனில் இத்தனை அசிஸ்டை அதற்கு முன்னும் யாரும் எடுத்ததில்லை, அதற்குப் பின்னும் எடுத்ததில்லை. பக்கத்தில் நிற்க வேண்டிய ஷார்ட்ஸ்டாப் தாமி தெவனோ அந்த வருஷம் காயப்பட்டு பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இல்லை. ஹார்ன்ஸ்பி இல்லாத கார்டினல்ஸ் 92 ஆட்டங்களை ஜெயித்தது; கோப்பை வென்ற 1926-ல் ஜெயித்ததோ 89. லீக் பட்டம் ஒன்றரை ஆட்ட வித்தியாசத்தில் போனது.

அதற்குப் பிறகு ஹார்ன்ஸ்பி ஒரு வருஷம் ஜயன்ட்ஸ், ஒரு வருஷம் பாஸ்டன், பிறகு சிகாகோ என்று போய்க்கொண்டே இருந்தார். போன இடமெல்லாம் அடித்தார், போன இடமெல்லாம் நிர்வாகத்தோடு முட்டினார். ஃபிரிஷ் 1937 வரை கார்டினல்ஸில் ஆடினார். 1928, 1930, 1931, 1934 என நான்கு லீக் பட்டங்கள், அதில் 1931-லும் 1934-லும் உலகக் கோப்பை.

ஃபீல்டிங்கோட மதிப்பு ஏன் கண்ணுக்குத் தெரியலை? பிரச்சினை அளவுகோல்ல. அப்போ ஃபீல்டரை அளக்க இருந்த முக்கியமான நம்பர் ஃபீல்டிங் சதவீதம். கைக்கு வந்த வாய்ப்புகள்ல எத்தனையைத் தப்பில்லாம முடிச்சான் என்பதுதான் அது. தப்பா இல்லையான்னு முடிவு பண்றது மைதானத்துல உட்கார்ந்திருக்கிற ஸ்கோரர்.

இதுல ஓட்டை எங்கேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மெதுவா ஓடுற ஃபீல்டர் பந்துக்குப் பக்கத்துலயே போக மாட்டான். போகாத பந்தை விட முடியாது. அதனால அவன் கணக்குல தப்பு இல்ல. வேகமா ஓடி, பாய்ஞ்சு, விரல் நுனியில பட்டு நழுவ விட்டவன் கணக்குல ஒரு தப்பு ஏறும். அதாவது முயற்சி பண்ணினவனுக்கு மைனஸ், நின்னு வேடிக்கை பார்த்தவனுக்கு நூத்துக்கு நூறு. நம்ம லேபுல ஒரு மீட்டர் இப்படிக் காட்டினா அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற மீட்டர் கேட்போம்.

ரிக்கிக்கு இது தெரியும். அவர் நம்பினது கண்ணை. ஓட்டம், எறியும் கை, பேட்டின் வலு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார். ஆட்டக்காரரின் வயசைப் பார்ப்பார். ஒருவரை ஒரு வருஷம் தாமதமாக விற்பதை விட ஒரு வருஷம் முன்னாலேயே விற்றுவிடுவது மேல் என்பது அவருடைய கொள்கை. 1934-ல் 30 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த பிட்சர் டிஸி டீன், 1937 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் கால் விரல் உடைந்து, வலியோடு வீசி, தோளைக் கெடுத்துக்கொண்டார். 1938 ஏப்ரலில் சீசன் தொடங்கும் நேரத்தில் ரிக்கி அவரை சிகாகோ கப்ஸுக்கு மாற்றினார். பதிலுக்கு மூன்று ஆட்டக்காரர்களும் 1,85,000 டாலரும். டீன் அந்த வருஷம் கொஞ்ச ஆட்டங்களே ஆடினாலும் 7 ஜெயித்தார், கப்ஸ் லீக் பட்டம் வாங்கியது. ஆனால் அதன் பிறகு அவர் கை பழையபடி எழவே இல்லை. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவரான கர்ட் டேவிஸ் 1939-ல் 22 ஆட்டங்களை ஜெயித்தார்.

பண்ணையில் விளைந்தவர்களிலும் கையுறை ஆட்கள் இருந்தார்கள். ஷார்ட்ஸ்டாப் மார்ட்டி மேரியன் ஒருவர். 1944-ல் அவர் அடித்தது 0.267, ஆறே ஆறு ஹோம் ரன். ஆனாலும் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அப்போது ரிக்கி செயின்ட் லூயிஸில் இல்லை. 1942-ல் இன்னொரு கோப்பை ஜெயித்த பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார்.

புரூக்ளின்ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. ஆனா அதையும் ட்ரேட் கண்ணோட்டத்துல ஒரு தடவை பாருங்க.

1945 ஆகஸ்ட் 28 அன்று ரிக்கி ஜாக்கி ராபின்சனைத் தன் அறைக்கு அழைத்து, வரப்போகும் வசவுகளையெல்லாம் நடித்தே காட்டி, திருப்பி அடிக்காமல் தாங்க முடியுமா என்று கேட்டார். 1946-ல் மான்ட்ரியால் அணி, 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின். கறுப்பின ஆட்டக்காரர்களை அறுபது வருஷம் போல வெளியே நிறுத்தியிருந்த கதவு திறந்தது. ரிக்கி இதை ஏன் செய்தார் என்பதற்கு அவரே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவருக்கு ஒரு ஓட்டலில் இடம் மறுத்தார்கள். ரிக்கி வாதாடித் தன் அறையிலேயே அவருக்கு ஒரு கட்டில் போட வைத்தார். அன்றிரவு தாமஸ் தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்து, இந்தத் தோல் நிறம் போய்விடாதா என்று அழுதாராம்.

அது ஒரு பக்கம். ராபின்சனை வளர்த்த கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற நீக்ரோ லீக் அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். சரியான ஒப்பந்தம் இல்லை, அதனால் பணம் இல்லை என்பது அவர் வாதம். ரெண்டும் ஒரே மனுஷன்தான். ரெண்டையும் சேர்த்தே படிக்கணும்.

1947-ல ராபின்சன் ஆடினது முதல் பேஸ்ல. அவருக்குப் பழக்கமில்லாத இடம். ஏன்னா இரண்டாம் பேஸில் எடி ஸ்டாங்கி இருந்தார். முதல் வருஷமே அணிக்கு லீக் பட்டம், ராபின்சனுக்குச் சிறந்த புதுமுகம் விருது. சீசன் முடிந்ததும் ரிக்கி அடுப்பைப் பற்றவைத்தார்.

1947 டிசம்பர். டிக்ஸி வாக்கர் என்ற வலது ஃபீல்டர் புரூக்ளின் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. நல்ல பேட்ஸ்மேன். வயது 37. ராபின்சன் அணிக்கு வருவதை எதிர்த்தவர்களில் ஒருவர். ரிக்கி அவரையும் இரண்டு பிட்சர்களையும் பிட்ஸ்பர்க்குக் கொடுத்தார். பதிலுக்கு வாங்கியது, அந்த சீசனில் 4 ஆட்டம் ஜெயித்து 15 தோற்ற பிரீச்சர் ரோ என்ற பிட்சர், பில்லி காக்ஸ் என்ற மூன்றாம் பேஸ்காரர், ஜீன் மாக் என்ற இளைஞர்.

பேப்பர்ல பார்த்தா இது நஷ்ட வியாபாரம். 4-15 பிட்சரை யாராவது கேட்டு வாங்குவாங்களா? ஆனா அந்த ரோ 1951-ல் 22 ஜெயித்து மூன்றே மூன்று தோற்றார். காக்ஸ் பெரிய பேட்ஸ்மேன் ஆகவே இல்லை. ஆனால் மூன்றாம் பேஸில் அவர் கைக்குப் பக்கத்தில் வந்த பந்து தாண்டிப் போவது அபூர்வம். அந்தத் தலைமுறையின் சிறந்த மூன்றாம் பேஸ் கையுறை அவருடையது என்று கூட ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

1948 மார்ச்சில் அடுத்த நகர்வு. ஸ்டாங்கியை பாஸ்டன் பிரேவ்ஸுக்கு அனுப்பிவிட்டு ராபின்சனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். கேட்சராக இருந்த கில் ஹாட்ஜஸ் முதல் பேஸுக்குப் போனார். ஷார்ட்ஸ்டாப்பில் பீ வீ ரீஸ் ஏற்கெனவே இருந்தார். அந்த வருஷம் பட்டம் வாங்கியது ஸ்டாங்கி போய்ச் சேர்ந்த பாஸ்டன்தான். ரிக்கியை எல்லோரும் திட்டினார்கள். ஆனால் அடுத்த வருஷம் டாட்ஜர்ஸ் பட்டம் வென்றது, ராபின்சன் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். ஹாட்ஜஸ், ராபின்சன், ரீஸ், காக்ஸ் என்ற அந்த உள்வட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

இப்போ நம்ம டிபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர் வர்றார். ஆலன் ராத், மான்ட்ரியால்காரர், எண்கள் மேல் பைத்தியம். 1947-ல் ரிக்கி அவரை முழுநேரப் புள்ளிவிவரக்காரராக வேலைக்கு எடுத்தார். ஒரு பேஸ்பால் அணி இப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தது அதுவே முதல் முறை. கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு பந்தையும் கையால் குறித்து, கையால் கூட்டி, இடக்கைப் பிட்சருக்கு எதிராக யார் எப்படி, எந்த நிலைமையில் யார் எப்படி என்று பிரித்தெடுத்தார்.

1954-ல் லைஃப் பத்திரிகையில் ரிக்கி ஒரு ஃபார்முலாவை வெளியிட்டார். ராத்தின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அமைப்பு எளிமை: தாக்குதல் கழித்தல் தற்காப்பு, வருவது அணியின் திறன். தாக்குதல் பக்கம் மூன்று உறுப்புகள். ஒருவர் எத்தனை தடவை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறார், அடித்தால் எவ்வளவு தூரம் போகிறது, பேஸுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ரன் ஆகிறார்கள். முதல் உறுப்புதான் பிற்காலத்தில் எல்லோரும் கொண்டாடிய ஆன்-பேஸ் சதவீதம். 'மணிபால்' படம் பார்த்தவங்களுக்கு இது பழக்கமா இருக்கும். அந்தப் படத்துக் கதை நடக்கிறதுக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்னாடியே ரிக்கி இதை அச்சுல போட்டுட்டார்.

தற்காப்புப் பக்கம் கிட்டத்தட்ட முழுக்கப் பிட்சர் கணக்கு. கடைசியில் ஒரே ஒரு எழுத்து, ஃபீல்டிங்குக்கு. அதன் மதிப்பாக ரிக்கி போட்டது பூஜ்யம்.

மறுபடி யோசிச்சுப் பாருங்க. தன் மேலேயே 13 பேஸ் திருடப்பட்ட கேட்சர். ஃபிரிஷ், மேரியன், காக்ஸ்னு கையுறைகளை வச்சு அணி கட்டினவர். அவரே ஃபீல்டிங்குக்கு பூஜ்யம் போடறார்!

இது முரண்பாடு மாதிரி தெரியும். ஆனா அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் ஃபீல்டிங்குக்கு மதிப்பில்லை என்பதல்ல. தன்னிடம் இருக்கிற ஃபீல்டிங் எண்கள் எதையும் சொல்லவில்லை, பொய்யான நம்பரைப் போடுவதற்கு பதிலாக ஒன்றும் போடாமல் விடுகிறேன் என்பதுதான். முக்கியமான விஷயம் அந்த உறுப்பை ஃபார்முலாவிலிருந்து அவர் அழிக்கவில்லை. எழுத்து அங்கேயே இருக்கிறது, அளக்கத் தெரிந்தவன் ஒருநாள் வந்து நிரப்பட்டும் என்பது போல. கோடிங் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். மதிப்பு ஸீரோங்கிறது வேற, மதிப்பு தெரியலைங்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டா ப்ரோக்ராம் எர்ரர் காட்டாது, அமைதியா தப்பான விடையைக் கொடுக்கும்.

அந்தக் கட்டுரை வந்தபோது ரிக்கி பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் இருந்தார். 1950-ல் புரூக்ளினை விட்டவர், அங்கே பொது மேலாளர். நேரம் சரியில்லை. 1951-ல் எட்டு அணிகளில் ஏழாவது. 1952 முதல் 1955 வரை தொடர்ந்து எட்டாவது. 1952-ல் ஜெயித்தது 42, தோற்றது 112.

அந்த மோசமான அணியில் ஒரே நட்சத்திரம் ரால்ஃப் கைனர். 1946 முதல் 1952 வரை ஏழு வருஷம் தொடர்ந்து ஹோம் ரன்னில் லீக்கின் முதலிடம், சில வருஷம் பகிர்ந்துகொண்டு. மக்கள் மைதானத்துக்கு வந்ததே அவருக்காகத்தான். ரிக்கி கண்ணுக்குத் தெரிந்ததோ மெதுவாக ஓடும், சரியாக எறியாத ஓர் இடது ஃபீல்டர். கைனர் இருந்தபோதே கடைசி இடம்தான் வந்தோம், அவர் இல்லாமலும் அதே இடத்துக்கு வர முடியும் என்று கைனரிடமே சொன்னதாகக் கதை. 1953 ஜூனில் பத்துப் பேர் கைமாறிய ஒரு ட்ரேடில் கைனரை சிகாகோவுக்கு அனுப்பினார். ஊர் அவரை மன்னிக்கவில்லை. 1955 முடிவில் பொறுப்பிலிருந்து விலகினார். தோற்றுப்போன கிழவர் என்றுதான் அப்போது பேச்சு.

ஆனா அவர் விட்டுட்டுப் போன ஆளுங்களைப் பாருங்க. 1954 நவம்பரில் டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியில் கவனிப்பில்லாமல் கிடந்த ஒரு புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரை, லீக் விதிப்படி நடந்த டிராஃப்டில் 4,000 டாலருக்கு பைரேட்ஸ் எடுத்தது. பெயர் ராபர்ட்டோ கிளெமெண்டே. வலது ஃபீல்டில் பின்னாளில் 12 தங்கக் கையுறை விருது. அதே 1954-ல் பில் மேஸராஸ்கி என்ற 17 வயதுப் பையன் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்து இரண்டாம் பேஸுக்கு மாற்றப்பட்டார். 8 தங்கக் கையுறைகள். இரண்டாம் பேஸ்காரர்களில் அதிக டபுள் ப்ளே சாதனை, 1,706, இன்றும் அவருடையது. ஷார்ட்ஸ்டாப் டிக் க்ரோட், பிட்சர் எல்ராய் ஃபேஸ் ஆகியோரும் ரிக்கி காலத்தில் வந்தவர்கள்தான்.

1960 உலகத் தொடர். எதிரில் நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டங்களையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27. ஆனாலும் கோப்பை பைரேட்ஸுக்கு. ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வெற்றி ஹோம் ரன்னை அடித்தவர், கையுறைக்காகவே பேர் வாங்கிய மேஸராஸ்கி. வாழ்நாள் பேட்டிங் சராசரி 0.260 மட்டுமே உள்ள அவர், 2001-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். அவர் ஆடி முடித்து 29 வருஷம் கழித்து.

29 வருஷம் எதுக்கு ஆச்சு? அந்தப் பூஜ்யத்தை நிரப்பத்தான். 1970-களில் பில் ஜேம்ஸ், தப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு ஃபீல்டர் ஆட்டத்துக்கு எத்தனை பேரை அவுட் ஆக்குகிறார் என்று எண்ணச் சொன்னார். பிறகு வீடியோ பார்த்து ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று குறிக்கும் முறைகள் வந்தன. 2015 முதல் பெரிய லீக்கின் எல்லா மைதானங்களிலும் கண்காணிப்புக் கருவிகள் ஃபீல்டர் நின்ற இடம், ஓடிய தூரம், பந்து காற்றில் இருந்த நேரம் எல்லாவற்றையும் அளக்கின்றன. சராசரி ஃபீல்டர் ஒருவர் அந்தப் பந்தைப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, அதற்கு மேல் எத்தனை அவுட் கொண்டுவந்தார் என்று சொல்ல முடிகிறது. சுமார் பத்து ரன் காப்பாற்றினால் ஓர் ஆட்டம் ஜெயித்ததற்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. இப்போ குளிர்காலத்து அடுப்புப் பேச்சுல கையுறைக்கும் ஒரு நம்பர் இருக்கு. அதுவும் முழுசா ஒத்துப்போறதில்ல. ஒரே ஆளுக்கு ரெண்டு முறை ரெண்டு விடை கொடுக்கும். சண்டை தொடருது.

ஒரு விஷயம் பாக்கி. ட்ரேட் என்று ஜாலியா பேசுறோம். அந்தக் காலத்து ஆட்டக்காரருக்கு அதுல வாயே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணிதான் அவருக்குச் சொந்தக்காரர். எங்கே அனுப்பினாலும் போகணும், இல்லன்னா வீட்டுல உட்காரணும். ரிக்கி அந்த முறையை மனசார ஆதரித்தவர். விற்பனையில் பங்கு வாங்கிய அவர் சம்பளம் கொடுப்பதில் கஞ்சன் என்று பேர் வாங்கினார். 1938-ல் லீக் ஆணையர் நீதிபதி லாண்டிஸ், பண்ணை முறையில் விதிமீறல் என்று சொல்லி கார்டினல்ஸின் 70-க்கும் மேற்பட்ட இளம் ஆட்டக்காரர்களை விடுவித்தார். மேலே வர வாய்ப்பே இல்லாமல் பண்ணையில் வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். மனிதர்களின் மதிப்பை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்ணுக்கு, அவர்களுக்கும் ஒரு விருப்பம் இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த இடத்திலும் ஒரு பூஜ்யம்தான். ஆனால் இது அளக்க முடியாமல் போட்டதில்லை, அளக்க நினைக்காமல் போட்டது.

1965 நவம்பர் 13 அன்று மிசௌரி மாநிலத்தில் ஒரு விழாவில் துணிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே சரிந்தார். டிசம்பர் 9 அன்று இறந்தார். 84-வது பிறந்தநாளுக்கு 11 நாள் பாக்கி. 1967-ல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ராபின்சன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே அங்கே போயிருந்தார்.

ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இந்தக் கதை சும்மா ஸ்போர்ட்ஸ் கதை இல்ல. இந்த வருஷம் முழுக்க நம்மளை ஒரு எக்ஸெல் ஷீட்டுல வரிசையா அடுக்குவாங்க. சிஜிபிஏவுக்கு ஒரு காலம், அரியருக்கு ஒரு காலம், கோடிங் டெஸ்டுக்கு ஒரு காலம். ப்ராஜெக்ட் டீம்ல ராத்திரி முழுக்க உட்கார்ந்து மத்தவங்க பிழையைப் பிடிச்சவனுக்கு அதுல காலமே கிடையாது. அவன் காப்பாத்தின ரன் ஸ்கோர்போர்டுல வராது.

கட்-ஆஃப் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேரை ஒரே நாள்ல பார்க்கணும்னா ஏதாவது ஒரு நம்பர் வேணும்தான், ரிக்கியே நம்பரை விடலை. ஆனா இன்னும் நாலஞ்சு வருஷத்துல நம்மள்ல பலர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்னொரு பேட்ச் பசங்களை ஷார்ட்லிஸ்ட் பண்ணப் போறோம். அன்னிக்கு உங்க ஷீட்டுல எந்த இடத்துல பூஜ்யம் இருக்கு, அது இல்லைங்கிற பூஜ்யமா தெரியலைங்கிற பூஜ்யமான்னு ஒரு நிமிஷம் பாருங்க. தெரியலைன்னா, அந்த காலத்தை டெலீட் பண்ணிடாதீங்க. காலியா விட்டுட்டு, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட கேளுங்க.